தோட்டா செய்த இடத்தில் துகிலுரிதல்

பரிசில் இருக்கிற எங்கட ஆக்களிடம் "வன்சேன் காட்டுக்குள்ள பழைய தோட்டாத் தொழிற்சாலை ஒண்டு நாடகக் கொட்டகையாக் கிடக்கு, பார்த்தனீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். "வன்சேன் தெரியும், மிருகக்காட்சிச்சாலைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனனாங்கள்" என்பார்கள். தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இடியப்பம் எந்தக் கடையில் நல்லது என்று கேட்டால் அரை மணித்தியாலம் கதைக்கிற ஆக்களுக்கு இந்த இடம் தெரியாமல் இருப்பது எனக்குக் கொஞ்சம் கவலைதான். ஏனென்றால் அங்கே எங்கள் பாரதக் கதையைத் தமிழிலேயே பாடி ஆடினார்கள். ஆடியவர்களில் அநேகர் வெள்ளைக்காரர்.

இடத்தின் பெயர் கார்த்துஷெரி. 1870-71 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ், அடுத்த சண்டைக்கு ஆயத்தமாக 1874இல் வன்சேன் காட்டின் ஓரத்தில் கட்டிய தோட்டாத் தொழிற்சாலை அது. நீளநீளமான, உயரம் குறைந்த கட்டடங்கள் மரங்களுக்கிடையே தள்ளித் தள்ளி நிற்கின்றன. வெடிமருந்து புழங்குகிற இடங்களை அப்படித்தான் கட்டுவார்கள். ஒன்று வெடித்தால் மற்றது தப்ப வேண்டுமே.

காலம் போக இராணுவத்துக்கு அந்த இடம் தேவைப்படாமல் போயிற்று. கூரை ஒழுகிக்கொண்டு, இடிபடுகிற நாளுக்குக் காத்துக் கிடந்த கட்டடங்களுக்குள் 1970இல் ஒரு நாடகக் குழு புகுந்தது. 1964இல் இளம் பிள்ளைகள் கொஞ்சப்பேர் சேர்ந்து கூட்டுறவு முறையில் தொடங்கிய தியாத்ர் து சொலெய் என்கிற குழு. தலைமை அரியான் மினூஷ்கின் என்ற பெண். நடிகர், தச்சர், சமையல்காரர், இயக்குநர் எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்பது அவர்களின் விதி. அந்த நேரம் சம்பளம் என்று சொல்ல ஏதும் இருந்ததோ என்பது வேறு கதை. பிரெஞ்சுப் புரட்சியைச் சந்தைக் கூத்தாடிகள் சொல்வதுபோல '1789' என்ற நாடகத்தைச் செய்து வைத்துக்கொண்டு, பரிசில் மேடை கிடைக்காமல் இத்தாலிக்குப் போய் மிலான் நகரில் முதலில் போட்டார்கள். திரும்பி வந்து அதே வருட மார்கழிக் குளிரில், வெப்பமூட்ட வழியில்லாத இந்தத் தொழிற்சாலைக்குள் போட்டார்கள். நாலாபக்கமும் மேடைகள், நடுவில் சனம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்த நாடகம் அது. ஒத்திகைக்கென்று வந்த குழு இன்றுவரை எழும்பவில்லை. பக்கத்துக் கட்டடங்களில் வேறு குழுக்களும் வந்து குந்த, ஒரே வளவுக்குள் இப்போது பல அரங்குகள்.

நான் போனது 2016 டிசம்பரில். அக்காவின் மகன் கூட்டிக்கொண்டு போனான். அங்கேயே பிறந்த பிள்ளை. நான் சொல்கிற தமிழ் அவனுக்கு விளங்கும், பதில் பாதி பிரெஞ்சில் வரும். "மாமா, நீங்கள் கூத்து கூத்தெண்டு சொல்லுவீங்களே, பேப்பரில அதைப் பற்றிப் போட்டிருக்கு" என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தியா என்றால் சீலையும் யோகாசனமும் காட்டுகிற ஏதோ ஒன்றாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். லா கூர்னவில் மெற்றோ ஏறி, ஷாத்தலேயில் மாறி, முதலாம் இலக்கப் பாதையின் கடைசித் தரிப்பில் இறங்கினோம். அங்கிருந்து காட்டுக்குள் போக அரங்கு வளவின் இலவச பஸ் நின்றது. நாடகம் பார்க்க வருகிற சனத்தை ஏற்றி இறக்க பஸ் விடலாம் என்று எங்கள் ஊரில் யாருக்குமே தோன்றியதில்லை.

வளவுக்குள் இறங்கியவுடன் என் கண் போனது சுவர்களுக்கு. வன்னியில் 2009 யுத்தத்தைக் கடந்து வந்த எவருக்கும் இது விளங்கும். பழைய கட்டடம் என்றால் முதலில் சன்னம் பட்ட துளையைத்தான் தேடுவோம். அங்கே துளை ஏதும் என் கண்ணில் படவில்லை. தோட்டா இங்கே செய்யப்பட்டது, பாய்ந்தது வேறு எங்கோ. எங்களுக்கு நேர் எதிர். எங்கேயோ செய்தது எங்கள் ஊரில் வந்து பாய்ந்தது. மருமகனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான், பிறகு "குளிருது மாமா, உள்ள போவம்" என்றான். சரிதான்.

கதவில் நின்று டிக்கெட் கிழித்த கிழவியைப் பார்த்து, பாவம், இந்தக் குளிருக்குள் வேலைக்கு விட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன். மருமகன் காதுக்குள் சொன்னான், அதுதான் மினூஷ்கின் என்று. 1939இல் பிறந்தவர், அப்போது வயது 77. உலகமெல்லாம் பேர் பெற்ற இயக்குநர். வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து வணக்கம் சொல்லி டிக்கெட்டைக் கிழிப்பது அவரின் வழக்கமாம். எங்கள் ஊர் விழாக்களில் இயக்குநர் எங்கே நிற்பார் என்பது உங்களுக்குத் தெரியும். பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில், மாலையோடு.

உள்ளே முதல் மண்டபம் பெரிய சாப்பாட்டுக்கூடம். இரும்புத் தூண், உயரக் கூரை, எல்லாம் பழைய தொழிற்சாலையின் உடம்பு. அதை மறைக்க எவரும் பாடுபடவில்லை. சுவரை மட்டும் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஏற்றபடி புதிதாகத் தீட்டுவார்களாம். மேடையில் எந்த நாட்டுக் கதையோ அதற்குப் பொருத்தமான சாப்பாடும் கிடைக்கும், பரிமாறுவதும் குழுவின் ஆட்களே. எங்களுக்குக் கிடைத்தது சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும். உறைப்பு இல்லை, உப்புப் பரவாயில்லை. முன்பின் தெரியாத ஆட்களோடு நீண்ட மேசையில் இருந்து சாப்பிட்டதில், நாடகம் தொடங்க முன்பே அந்தக் கூட்டம் ஒரு ஊர்ச்சனம்போல ஆகிவிட்டது. பொங்கலுக்குக் கோயில் முற்றத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே கூத்துப் பார்க்கப் பாய் விரிக்கிற எங்களுக்கு இதொன்றும் புதுமை இல்லை. பரிஸ்காரருக்குத்தான் புதுமை.

இருக்கைகளுக்குப் போகிற வழியில் நடிகர்கள் ஒப்பனை செய்வதைத் திரை இடுக்கால் பார்க்கலாம். சிலர் கண்ணாடிக்கு முன்னால் முகத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்குப் புஜக்கட்டை கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டையைக் கண்டதும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. இது சீலையும் யோகாசனமும் இல்லை, இவர்கள் உண்மையாகவே ஏதோ படித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் நம்பினேன்.

நாடகத்துக்கு 'இந்தியாவில் ஒரு அறை' என்ற கருத்து வரும் பிரெஞ்சுத் தலைப்பு. 2015 நவம்பரில் பரிசில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு, இனி நாடகம் போட்டு என்ன பலன் என்று மனமுடைந்து நின்ற நேரம், இந்தக் குழு புதுச்சேரிக்குப் போயிருந்தது. அந்தக் குழப்பமே கதை. இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு நாடகக் குழுவைத் தலைவர் நடுவழியில் விட்டுவிட்டு ஓட, கொர்னேலியா என்ற உதவியாளர் தலையில் பொறுப்பு விழுகிறது. ஒரு பெரிய அறை, ஒரு கட்டில். அவளுக்கு இரவெல்லாம் கனவு. அந்தக் கனவுகளுக்குள்தான் எங்கள் ஆட்கள் வருகிறார்கள்: திரௌபதி, துச்சாதனன், கர்ணன்.

இந்தப் பகுதிகளைக் கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கத்துக் கிராமம் புரிசை. தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடுகிற குடும்பம். அவரின் தகப்பன் கண்ணப்பத் தம்பிரானிடம்தான் கூத்துப்பட்டறை ந. முத்துசாமி தன் நவீன நாடகத்துக்கு வேர் தேடிப் போனார். அந்தப் புரிசைப் பெயரை அறிவித்தலிலேயே போட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்தது. ஏழைக் கலைஞனிடம் படித்துவிட்டு "கிராமியக் கலை வடிவங்களிலிருந்து எடுத்தது" என்று பொதுப்படையாக எழுதிவிட்டுப் போகிற பெரியவர்களை நாங்கள் காணாததா?

திரௌபதியின் துகிலுரிதல் காட்சி வந்தது. இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் காலடி அதிர, கிரீடத்தின் நுனி மட்டும் மேலே ஆடுகிறது. தெருக்கூத்தில் வேடம் நுழைகிற அதே முறை. திரை விலகித் துச்சாதனன் சுழன்று வந்து நின்றபோது எனக்குப் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக் கிழவர் பின்னால் சாய்ந்துவிட்டார். பாட்டு தமிழ். மேலே பிரெஞ்சில் எழுத்து ஓடியது. அந்த எழுத்தை நானும் பார்க்கவில்லை, மருமகனும் பார்க்கவில்லை. மற்ற இடமெல்லாம் அவன் எனக்குப் பிரெஞ்சை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இந்தக் காட்சியில் மட்டும் நான் அவனுக்குச் சொன்னேன், இவன் யார், அவளை ஏன் இழுக்கிறான், பெரியவர்கள் ஏன் வாய் மூடி இருக்கிறார்கள் என்று. கடைசிக் கேள்விக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வியாசருக்கும் அதில் சிக்கல்தானே.

உச்சரிப்புப் பிழை நிறைய. ஆனால் தாளம் பிழைக்கவில்லை, அடவு பிழைக்கவில்லை. நான் பழகிய கூத்து வேறு. எங்கள் பக்கம் காத்தவராயன் சிந்துநடைக் கூத்து. மெல்லிய துள்ளலோடு நடந்து பாடுவது, விடியப்புறம் கழுமரம் ஏறும் காட்சியில் முடிவது. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து. தெருக்கூத்தின் முரட்டுச் சுழற்சியும் கட்டை வேடமும் எங்களிடம் இல்லை. இருந்தும் பாடி முடித்த அடியைப் பின்பாட்டுக்காரர் தூக்குகிற இடத்தில் இரண்டும் ஒரே இரத்தம். கர்ணனின் சாவு வந்தபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் மேடையேற்றிய 'கர்ணன் போர்' நினைவுக்கு வந்தது. அதை நான் பார்த்ததில்லை, அவ்வளவு வயதில்லை எனக்கு. மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டு மாணவருக்குக் கூத்துப் பழக்கிய அந்தக் கதையை எங்கள் ஆசிரியர்மார் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள்.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடிய நாடகத்தில் சில கனவுகள் பள்ளிக்கூட விவாதம்போல இழுபட்டன. தீவிரவாதிகளைக் கேலி செய்த காட்சிகளுக்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. துவக்குக்காரனைக் கோமாளியாகப் பார்க்க அவனிடமிருந்து கொஞ்சத் தூரம் வேண்டும். இன்னொன்று: ஐரோப்பியரின் மனச்சோர்வுக்கு எங்கள் கூத்து மருந்தாக வந்து நிற்பது சரியா என்ற கேள்வி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இருந்தது. மருந்து கொடுத்தவனின் ஊரில் கூத்துக்காரன் பிழைப்புக்கு என்ன செய்கிறான் என்பதை அந்த நாடகம் தொட்டுவிட்டு விலகிப் போகிறது.

ஆனாலும் அந்த இடத்தின் மேல் மரியாதை குறையவில்லை. காரணம் நாடகத்துக்கு வெளியே இருக்கிறது. 1996 மார்ச்சில், பரிசின் ஒரு தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த விசா இல்லாத ஆபிரிக்கக் குடும்பங்களைப் பொலிஸ் வெளியேற்றியபோது, சுமார் 300 பேருக்கு இந்தத் தொழிற்சாலைதான் கதவைத் திறந்தது. நாடகக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். 2003இல் அகதிகளின் வாக்குமூலங்களைக் கொண்டே பெரிய நாடகம் ஒன்று செய்தார்கள். அகதி முகாமும் தற்காலிகக் கொட்டகையும் என்னவென்று தெரிந்த எங்களுக்கு, ஒரு அரங்கு நல்லதா என்று அளக்க இதைவிட வேறு கோல் தேவையில்லை. மழைக்கு யாரை உள்ளே விட்டது?

பழைய ஆலை அரங்காவது உலகத்தில் பல இடத்தில் நடந்ததுதான். லண்டன்காரருக்குக் கம்டன் பக்கத்து ரவுண்ட்ஹவுஸ் தெரிந்திருக்கும். 1847இல் ரயில் என்ஜின் திருப்பக் கட்டிய வட்டக் கொட்டகை. என்ஜின்கள் பெருத்துப்போகச் சாராயக் கிடங்காயிற்று. 1964இல் ஆர்னோல்ட் வெஸ்கர் என்ற நாடகாசிரியர் அதைத் தொழிலாளருக்கான கலைக்கூடம் ஆக்கக் கனவு கண்டார். காசு சேரவில்லை, கனவு ஓய்ந்தது. 1983இல் பூட்டி, 2006இல் பெரும் செலவில் மறுபடி திறந்தார்கள். இதில் ஒரு விசேஷம்: பரிஸ் குழுவுக்கு 1967இல் முதல் பெரிய பேர் வாங்கிக் கொடுத்ததும் அதே வெஸ்கரின் 'சமையற்கட்டு' நாடகம்தான். கட்டடம் கையில் வைத்திருந்தவர் தோற்றார், அவருடைய நாடகத்தை ஆடிய, கட்டடமே இல்லாத குழு நின்றுபிடித்தது. காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். குழுவாக இருந்தவர்கள் கட்டடத்துக்குள் போனார்கள். கட்டடம் எடுத்தவர் குழு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நாட்டில் பழைய ஆலைக்கு அநேகமாக இரண்டு விதி. கந்தப்பொளையில் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டல் ஆயிற்று. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை நூதனசாலை ஆயிற்று. பணக்காரன் படுக்க, அல்லது மாணவர் வரிசையாகப் பார்க்க. ஊர்ச்சனம் பின்னேரம் கூடுகிற இடமாக ஆனது ஏதும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

எங்கள் வன்னிப் பக்கம் வருவோம். பழைய தொழிற்சாலை என்றதும் எங்கள் கண்டாவளைக்காரர் வாயில் வருவது பரந்தன் கெமிக்கல்தான். 1950களில் தொடங்கியது. ஆனையிறவு உப்பை எடுத்து, உப்புநீருக்குள் மின்சாரம் பாய்ச்சி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரித்தெடுத்தார்கள். ஒன்று சவர்க்காரத்துக்கு, மற்றது குடிநீர் சுத்திகரிக்க. எத்தனையோ குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் தந்த இடம். யுத்தம் வந்து நிறுத்தியது. துளைபட்ட சுவர்கள் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்தவைதான். திரும்பத் தொடங்கப்போகிறோம் என்ற அறிவிப்பும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்றுதான்.

பரிசால் திரும்பி வந்த புதிதில் நண்பர் ஒருவர் கேட்டார், "அப்ப கெமிக்கலைக் கூத்து மண்டபமாக்குவமோ?" வேண்டாம் என்றேன். அது தொழிற்சாலையாகவே திரும்ப வேண்டிய இடம். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகளுக்கு அங்கே வேலை வேண்டும், நாடகம் பிறகு. இரசாயனம் புழங்கின நிலத்தைச் சோதிக்காமல் சனத்தைக் கூட்டுவதும் சரியில்லை.

நான் சொல்வது சின்ன இடங்களை. பாவனையில்லாத அரிசி ஆலைகள் எங்கள் வீதிகளில் எத்தனை நிற்கின்றன? கூரை போன நெற்களஞ்சியங்கள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கிளைக் கட்டடங்கள்? அரிசி ஆலை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். தூண் குறைந்த நீண்ட கூடம், உயரக் கூரை, பக்கத்தில் நெல் காயப்போட்ட சீமெந்துத் தளம். மத்தளத்தை ஒருக்கால் தட்டிக் கேட்டால் உங்களுக்கே தெரியும். அந்தத் தளம் கூத்தாடுகிற எங்கள் வட்டக்களரிக்கென்றே போட்டது போலிருக்கும்.

"மண்டபம் எங்களிடம் இருக்குத்தானே" என்பீர்கள். இருக்கிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு திட்டம் திட்டமாகப் பொதுநோக்கு மண்டபங்கள் வந்தன. கட்டித் தந்தவர்களுக்கு நன்றி. ஆனால் நான் அறிய அவற்றில் பல வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டு. திறப்பு ஒருவரிடம், அனுமதி இன்னொருவரிடம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, வெள்ளம் வந்தால் முகாம், இடையில் ஒரு கூட்டம். அங்கே போய் "ஆறு மாதம் இரவில் கூத்துப் பழக வேணும், சுவரில் வர்ணம் பூசுவம், ஆணி அடிப்பம்" என்று கேட்டுப் பாருங்கள். புது மண்டபத்தில் ஆணி அடிக்க எவரும் விடமாட்டார்கள். பழைய ஆலையின் பெருமை அதுதான். அது ஏற்கெனவே எண்ணெய் பட்டது, கரி பட்டது. இன்னும் நூறு ஆணி தாங்கும்.

கூத்தே இல்லாமல் போய்விடவில்லை. அண்ணாவியார்கள் இன்னும் இருக்கிறார்கள், வயது போய்விட்டது. பெடியளும் இருக்கிறார்கள், போனுக்குள் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தையும் வாரத்தில் ஒரு இரவாவது ஒரே கூரைக்குக் கீழ் இருத்த வேண்டும். அதற்குத் திட்ட அறிக்கை எழுதி, கொடையாளி தேடி, அடிக்கல் நாட்ட அமைச்சரைக் கூப்பிட்டால் ஐந்து வருடத்தில் இன்னொரு பூட்டிய மண்டபம் வரும். ஆலைச் சொந்தக்காரரிடம் போய் ஒரு மாரிகாலத்துக்கு இடம் கேட்பது அதைவிடச் சுகம். தரமாட்டேன் என்றால் அடுத்த ஆலை. கார்த்துஷெரிக்குள் போனவர்களும் நிரந்தர உறுதி எழுதிக்கொண்டு போகவில்லை.

ஊரில் உங்களுக்குத் தெரிந்த இப்படியான கட்டடம் இருந்தால், சொந்தக்காரரிடம் கதைக்கக்கூடிய தொடர்பும் இருந்தால், எனக்கு எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்தாலே கூடத்தைக் கழுவித் தொடங்கலாம். பரிசில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். முதலாம் இலக்க மெற்றோ, கடைசித் தரிப்பு ஷாத்தோ து வன்சேன், அங்கிருந்து நாடக நாட்களில் இலவச பஸ், அது இல்லாவிட்டால் 112ஆம் இலக்க பஸ். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், நேரத்தோடு போய் அங்கேயே சாப்பிடுங்கள். உறைப்பு வேண்டுமென்றால் ஊறுகாய் கொண்டு போங்கள்.